எம். எஃப். டூம்

எம். எஃப். டூம் (சூலை 13, 1971 – அக்டோபர் 31, 2020) என்ற புனைபெயரால் அறியப்பட்ட டேனியல் டூமிலே, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ராப் (சொல்லிசை) கலைஞரும் இசைத் தயாரிப்பாளரும் ஆவார். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களையும் வானொலியையும் சாராமல், சிறு நிறுவனங்கள் வழியாகவும் சிறிய அரங்குகளிலும் வளர்ந்த ராப் இசை 'அண்டர்கிரவுண்ட் ராப்' எனப்படுகிறது. அவ்வகையின் முதன்மையான கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். எப்போதும் உலோக முகமூடி அணிந்தே மேடையேறியவர். பெயரின் முன்னெழுத்துக்கள் 'மெட்டல் ஃபேஸ்' (உலோக முகம்) என்பதைக் குறிக்கும். இசைத் தயாரிப்பாளராக 'மெட்டல் ஃபிங்கர்ஸ்' (உலோக விரல்கள்) என்ற பெயரையும் பயன்படுத்தினார்.

இளமையும் கே. எம். டி. குழுவும்

டூமிலே இலண்டனில் பிறந்தார். தந்தை சிம்பாப்வேயையும் தாய் டிரினிடாடையும் சேர்ந்தவர்கள். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்ததால், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் வளர்ந்தார். 1980களின் இறுதியில் தம்பி டிங்கிலிஸ்வேயுடன் சேர்ந்து கே. எம். டி. என்ற குழுவைத் தொடங்கினார். அப்போது அண்ணன் 'செவ் லவ் எக்ஸ்' என்றும், தம்பி 'டி. ஜே. சப்ராக்' என்றும் அழைக்கப்பட்டனர். 1989இல் தேர்டு பேஸ் குழுவின் 'தி கேஸ் ஃபேஸ்' பாடலில் டூமிலேயின் குரல் முதன்முதலாகப் பரவலாக அறியப்பட்டது. கே. எம். டி.யின் முதல் இசைத்தொகுப்பான 'மிஸ்டர் ஹூட்' 1991இல் எலெக்ட்ரா நிறுவனத்தின் மூலம் வெளிவந்தது.

இரண்டாவது தொகுப்பான 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' முடிவடையும் தறுவாயில், 1993 ஏப்ரலில், நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்க முயன்ற சப்ராக் கார் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 19. டூமிலே தனியாகவே தொகுப்பை நிறைவு செய்தார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர உருவம் ஒன்று தூக்கிலிடப்படுவதாக அதன் அட்டைப்படம் வரையப்பட்டிருந்தது. அந்த இழிவான சித்தரிப்புக்கு முடிவு கட்டுவதே படத்தின் கருத்து எனினும், அது சர்ச்சையானது. 1994இல் எலெக்ட்ரா தொகுப்பை வெளியிடாமல் கைவிட்டதுடன் குழுவுடனான ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தொகுப்பு வேறு நிறுவனத்தின் வழியாக வெளியானது.

முகமூடியுடன் மீள்வருகை

தம்பியையும் தொழிலையும் அடுத்தடுத்து இழந்த டூமிலே, 1994 முதல் 1997 வரை இசையுலகிலிருந்து விலகியிருந்தார். மன்ஹாட்டன் தெருக்களில் அலைந்து, பூங்கா இருக்கைகளில் உறங்கிய காலம் அது எனப் பின்னர் அவர் குறிப்பிட்டுள்ளார். அதன் பின் மன்ஹாட்டனின் நுயோரிக்கன் பொயட்ஸ் கஃபே அரங்கில், நீள் காலுறையால் முகத்தை மறைத்துக்கொண்டு மேடையேறத் தொடங்கினார். இதுவே நாளடைவில் உலோக முகமூடியாயிற்று. மார்வெல் படக்கதைகளில் வரும் 'டாக்டர் டூம்' என்ற வில்லன் பாத்திரமே இதற்கு முன்மாதிரி.

1999இல் ஃபாண்டில் எம் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட 'ஆப்பரேஷன்: டூம்ஸ்டே' இவருடைய முதல் தனித் தொகுப்பாகும். கேட்போர் கலைஞனின் தோற்றத்தை விடுத்துச் சொல்லிலும் ஓசையிலும் மட்டும் கவனம் செலுத்த வேண்டும் என்பதே முகமூடிக்கு அவர் கூறிய காரணம்.

2003இல் 'கிங் கீடோரா', 'விக்டர் வான்' என்னும் வேறு இரு பெயர்களில் தொகுப்புகள் வெளியிட்டார். முன்னது காட்சில்லா திரைப்படங்களில் வரும் மூன்று தலை அசுரனின் பெயரைத் தழுவியது. பின்னது டாக்டர் டூமின் இயற்பெயரிலிருந்து வந்தது.

மேட்வில்லனி

இசைத் தயாரிப்பாளர் மேட்லிபுடன் இணைந்து உருவாக்கிய 'மேட்வில்லனி' (2004) இவருடைய மிகச் சிறந்த படைப்பாகப் பலராலும் மதிக்கப்படுகிறது. மேட்லிப் இதன் இசையில் ஒரு பகுதியைப் பிரேசில் பயணத்தின்போது விடுதி அறையில் எளிய கருவிகளைக் கொண்டு அமைத்தார். முடிவுறாத பதிவுகள் வெளியீட்டிற்கு ஓராண்டுக்கும் முன்பே இணையத்தில் கசிந்துவிட்டன. அதனால் பணி தடைபட்டது. பின்னர் டூம் தம் பகுதிகளை மேலும் தணிந்த, நிதானமான குரலில் மீண்டும் பதிவு செய்தார். ஏறத்தாழ 46 நிமிடங்களில் 22 பகுதிகள் கொண்ட இத்தொகுப்பில் பெரும்பாலான பாடல்களுக்குப் பல்லவி இல்லை.

பாணி

அடிகளின் இறுதியில் மட்டுமன்றி இடையிலும், ஓரசைக்கு மாறாகப் பல அசைகள் தொடர்ந்து ஒலியொத்து வருமாறு இயைபு அமைப்பது டூமின் தனித்தன்மை. எதிர்பார்த்த சொல்லைத் தவிர்த்து வேறொன்றை வைக்கும் நகைச்சுவையும் மிகுதி. தம்மை 'வில்லன்' எனப் படர்க்கையில் குறிப்பிடுவது வழக்கம். பழைய கேலிச்சித்திரத் தொடர்களின் உரையாடல்களைப் பாடல்களுக்கிடையே சேர்ப்பார். உணவுப் பெயர்களைக் கொண்ட பாடல்கள் நிறைந்த 'எம்எம்..ஃபூட்' (2004) தொகுப்பின் தலைப்பே, அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றி அமைத்ததாகும்.

போலி டூம் சர்ச்சை

2007இல் அமெரிக்காவில் நடந்த சில நிகழ்ச்சிகளில், முகமூடி அணிந்த வேறொருவர் ஒலிப்பதிவுக்கு ஏற்ப வாயசைத்தது கண்டு பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் கொதிப்படைந்தனர். டூம் பின்னர் இதை மறுக்கவில்லை. பாத்திரத்தைப் படைத்தவர் தாமே என்பதால், அதை யார் ஏற்று நடிப்பது என்பதையும் தாமே முடிவு செய்யலாம் என வாதிட்டார். முகம் முக்கியமன்று என்ற கொள்கையின் நீட்சியாகச் சிலர் இதைக் கண்டனர். குரலைக் கேட்க வந்தோருக்கு அக்குரலே மறுக்கப்பட்டது என்பது மற்றோரின் குறை.

இறுதிக் காலம்

டூமிலே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. 2010இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பியபோது நாட்டிற்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. அதன் பின் பிறந்த நாடான இங்கிலாந்திலேயே வாழ்ந்தார். 2017இல் தம் மகனை இழந்தார்.

2020 அக்டோபர் 31 அன்று லீட்ஸ் நகர மருத்துவமனையில் காலமானார். குடும்பத்தினர் இரு மாதங்கள் கழித்து, டிசம்பர் 31 அன்றுதான் இதை உலகுக்கு அறிவித்தனர். இரத்த அழுத்த மருந்தின் எதிர்விளைவாக ஏற்பட்ட வீக்கமே மரணத்திற்குக் காரணம் என்பது 2023இல் நடந்த விசாரணையில் தெரிய வந்தது.

முக்கிய இசைத்தொகுப்புகள்

ஆப்பரேஷன்: டூம்ஸ்டே (1999)
டேக் மீ டு யுவர் லீடர் (2003, கிங் கீடோரா)
வாட்வில் வில்லன் (2003, விக்டர் வான்)
மேட்வில்லனி (2004, மேட்லிபுடன்)
எம்எம்..ஃபூட் (2004)
தி மவுஸ் அண்ட் த மாஸ்க் (2005, டேஞ்சர் மவுசுடன்)
பார்ன் லைக் திஸ் (2009)