இணையச் செய்திகள் வழி ஆங்கிலம் பயிலல்

இணையச் செய்திகள் வழி ஆங்கிலம் பயிலல் என்பது, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஆங்கிலச் செய்திக் கட்டுரைகள், ஒலிச்செய்திகள், நிகழ்படங்கள் ஆகியவற்றைப் பாடப்பொருளாகக் கொண்டு ஆங்கிலம் கற்கும் முறையாகும். ஆசிரியர் துணையின்றித் தாமாகப் பயில்வோர் இதனைப் பெரிதும் மேற்கொள்கின்றனர். இதற்குப் பயன்படும் செய்திகள் இரு வகைப்படும். ஆங்கிலம் நன்கறிந்தோருக்காக எழுதப்படும் இயல்பான செய்திகள் ஒரு வகை. கற்போருக்கென்றே சொற்களையும் வேகத்தையும் மட்டுப்படுத்தி ஆக்கப்படும் எளிமைச் செய்திகள் மற்றொரு வகை. தமிழ்நாட்டு மாணவருக்கு எளிதில் அறிமுகமாவது முதல் வகை. தொடக்க நிலையில் அவருக்கு உதவுவது இரண்டாம் வகை.

வரலாறு

எளிமைச் செய்தி வானொலியில் தோன்றியதாகும். பிபிசி 1943 ஆம் ஆண்டில் வானொலி வழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, 1959 அக்டோபர் 19 அன்று 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்னும் ஒலிபரப்பை ஆரம்பித்தது. ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்கள், சிறு வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகம் என்பன அதன் வரையறைகள். வானொலியில் தவறவிட்ட சொல் தவறியதுதான். இணையம் வந்தபின் உரையும் ஒலியும் ஒரே பக்கத்தில் அமைந்தமையால், கற்பவர் ஒரு வாக்கியத்தையே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்க இயன்றது. 2004 இல் சான் பான்வில் என்ற ஆசிரியர் தொடங்கிய 'பிரேக்கிங் நியூஸ் இங்கிலீஷ்' தளம், ஒரே செய்தியைப் பல கடின நிலைகளில் பயிற்சிகளுடன் வழங்குகிறது.

இந்திய நாளிதழ்களுள் முதலில் இணையத்திற்கு வந்தது, 1878 இல் சென்னையில் நிறுவப்பட்ட தி இந்து ஆகும் (1995). பின்னர் அதன் கட்டுரைகள் பல கட்டணச் சந்தாவுக்குள் சென்றுவிட்டன. அகில இந்திய வானொலி தன் செய்திகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது.

தமிழ்நாட்டில்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் பயின்ற மாணவர், கல்லூரியில் நுழைந்த முதல் நாளிலேயே ஆங்கில விரிவுரைகளை எதிர்கொள்ள நேர்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் குடிசார், இயந்திரவியல் ஆகிய இரு பொறியியல் துறைகளில் தமிழ் வழிக் கல்வியைத் தொடங்கியது. பிற துறைகளில் ஆங்கிலமே பெரும்பாலும் பயிற்று மொழி. அரசுப் பள்ளி மாணவருக்கான இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. 2016 க்குப் பின் கைப்பேசி இணையக் கட்டணமும் வெகுவாகக் குறைந்தது. ஆகக் கருவியும் இணைப்பும் ஆங்கிலத்திற்கு முன்னரே மாணவரை வந்தடைந்தன.

"ஆங்கிலம் வரவேண்டுமானால் தினமும் இந்து படி" என்பது தமிழ்நாட்டில் தலைமுறைகளாகக் கூறப்படும் அறிவுரை. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் ஏற்கெனவே ஆங்கிலம் அறிந்தவர்கள் என்பது கருதத்தக்கது.

செய்தி மொழியின் கடினம்

ஓர் உரையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பது சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் முதலியோரின் கருத்து. ஆங்கில நாளிதழுக்கு இந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என நேஷன் 2006 இல் மதிப்பிட்டார். 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' சொற்பட்டியலைப்போல் இது ஐந்து மடங்குக்கும் மேலாகும்.

தலைப்புகளின் இலக்கணமும் தனியானது. 'மினிஸ்டர் டு ஓப்பன் பிரிட்ஜ்' என்பது எதிர்காலத்தைக் குறிக்கும். துணைவினையோ சுட்டிடைச்சொல்லோ அதில் இராது. 'ஃபைவ் ஹெல்ட்' என்றால் ஐவர் கைது. தலையசைப்பைக் குறிக்கும் 'நாட்' என்ற சொல் இங்கு ஒப்புதலைக் குறிக்கும். ஆகவே தலைப்பிலிருந்து தொடங்குவதைவிட முதற்பத்தியைப் படித்துவிட்டுத் தலைப்புக்குத் திரும்புதல் நன்று.

தமிழருக்குச் சொல்லினும் பெரிய தடை சொல்வரிசையாகும். 'நேற்றுப் பெய்த மழையில் இடிந்த வீட்டின் உரிமையாளர்' என்ற தொடரில் உரிமையாளர் இறுதியில் வருகிறார். ஆங்கிலத்தில் உரிமையாளர், வீடு, இடிந்தது, மழை, பெய்தது, நேற்று என அத்தொடர் அப்படியே தலைகீழாகும். தமிழின் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்க, ஆங்கிலத்தின் விளக்கத்தொடர் பெயருக்குப் பின் நிற்பதே காரணம். செய்தி வாக்கியங்களில் இத்தகைய அடுக்குகள் மிகுதி. வாக்கியத்தின் எழுவாயையும் முற்றுவினையையும் முதலில் கண்டு அடிக்கோடிடுவது இதற்குரிய பயிற்சியாகும்.

பயிலும் முறை

முன்பே தமிழில் அறிந்த செய்தியை ஆங்கிலத்தில் படிப்பது தொடக்க நிலையினருக்கு ஏற்றது. பெயர்களும் நிகழ்வும் தெரிந்திருப்பதால் மொழி மட்டுமே புதிதாக இருக்கும். எடுத்துக்காட்டாக, கோயம்பேட்டு நெரிசலைக் குறைக்கச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் குத்தம்பாக்கத்தில் பேருந்து முனையம் அமைக்க முற்பட்ட செய்தி இரு மொழிகளிலும் வெளிவந்தது. பூந்தமல்லி வட்டார மாணவருக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. நிலம் கையகப்படுத்தல், ஒப்பந்தப்புள்ளி, அணுகுசாலை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை அவர் சூழலிலிருந்தே உய்த்துணரலாம்.

எனினும் இத்தகைய உள்ளூர்ச் செய்திகளில் வரும் 'மொபசல்', 'லேக்', 'குரோர்' போன்றவை இந்திய ஆங்கிலச் சொற்கள். பிற நாட்டினர் பலருக்கு விளங்கா. பத்து லட்சம் ஒரு மில்லியன் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்ப்பின் படிப்பு நின்றுவிடும். திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் தமிழ் விக்சனரி முதலியவற்றில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். 2011 முதல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழும் உண்டு. ஆனால் பக்கம் முழுவதையும் தமிழாக்கிப் படிப்பவர் செய்தியை அறிவார். ஆங்கிலப் பயிற்சி நிகழாது. ஒலியுடன் கூடிய செய்திகளில், உரையைப் பார்த்தவாறே வாசிப்பவருடன் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது நல்ல பயன் தரும். தமிழ் எழுத்தில் வேறுபாடு காட்டப்படாத வல்லோசை, மெல்லோசைகள் இதனாற் பழகும்.

குறைகள்

செய்தி மொழி பெரும்பாலும் இறந்தகாலப் படர்க்கையில் அமைவது. அதை மட்டுமே பயின்றவர் வரவு செலவுத் திட்டம் பற்றிய கட்டுரையைப் படித்துவிடுவார். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கத் தடுமாறுவார். வினாவும் மறுமொழியுமாக அமைந்த பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' போன்ற நிகழ்ச்சிகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

இலவச ஊடகம் பிறர் நிதியை நம்பியது என்பது மற்றொரு குறை. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆணையைத் தொடர்ந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பணியாளர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டனர். 'லேர்னிங் இங்கிலீஷ்' எனப் பெயர் மாறியிருந்த அதன் எளிமைச் செய்திகள் புதிதாக வருவதும் நின்றது. அந்நிறுவனம் தானே முழுமையாக ஆக்கிய உரைகளும் ஒலிகளும் பொதுவுடைமை என்பதால், முன்பு வெளிவந்தவற்றைப் படியெடுத்து வகுப்பறைகளில் பயன்படுத்தத் தடையில்லை.