தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டி, 2017–18

தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டி, 2017–18 என்பது மாநில அணிகளுக்கும் ரயில்வே போன்ற நிறுவன அணிகளுக்கும் இடையே நடக்கும் சாம்பியன்ஷிப்பின் 23ஆவது பருவம். ஒடிசா மாநிலம் கட்டாக்கின் பாராபதி மைதானத்தில் 2018 பிப்ரவரி 14 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், தமிழ்நாடு 2–1 என்ற கோல் கணக்கில் மணிப்பூரை வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

பின்னணி

ஆண்களுக்கான சந்தோஷ் கோப்பை 1941இல் தொடங்கியது. பெண்களுக்கான தேசியப் போட்டி வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதை 1991 முதல் நடத்துகிறது. பெரும்பாலான பட்டங்கள் மணிப்பூருக்கே போயின. ரயில்வே உள்ளிட்ட மிகச் சில அணிகளே இடையில் வென்றன.

ஆட்டமுறை

முதல் கட்டத்தில் அணிகள் பிரிவுகளாக மோதும். அதில் தேறும் அணிகள் நாக் அவுட் சுற்றுக்குச் செல்லும். அங்கே ஒரு தோல்வியுடன் பயணம் முடிந்துவிடும். புள்ளிகளைச் சேர்த்துச் சரிக்கட்ட வழியில்லை.

இறுதி ஆட்டம்

தமிழ்நாட்டுக்காக நந்தினியும் இந்துமதி கதிரேசனும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி ஒரு கோலைத் திருப்பினார். ஒரே கோல் வித்தியாசம் என்பதால், சமன் செய்யத் துடித்த நடப்புச் சாம்பியனைக் கடைசி விசில் வரை தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. தமிழகத் தற்காப்பு அதைச் செய்துகாட்டியது.

நடுக்கள வீராங்கனையான இந்துமதி கடலூர் மாவட்டத்துக்காரர். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசிய மகளிர் கோப்பையை இந்தியா வென்றபோது, 4 கோல்களுடன் அதிக கோல் அடித்தோர் வரிசையில் முதலிடத்தில் நின்றார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் அவருக்குக் கிடைத்தது. விளையாட்டு வேலைக்கு வழி திறக்கும் என்பது, பெண் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் எடுபடும் வாதம்.

விருதுநகர் மாவட்டத் தொடர்பு

இந்துமதி ஆடிய கிளப்புகளில் சேது எஃப்சியும் ஒன்று. மதுரை அணி என்று பெயர் பெற்றாலும், அதன் வேர் விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டிப் பகுதியில் உள்ளது. 2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கணக்கில் வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. மாநில அணி பட்டம் வென்ற 15 மாதங்களில் கிளப் பட்டமும் தமிழகம் வந்தது.

பின்விளைவுகள்

2018 செப்டம்பரில், அதே கட்டாக்கில் நடந்த அடுத்த பருவத்தில் மணிப்பூர் பட்டத்தை மீட்டது. முதல் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில் அமிர்தசரஸில் நடந்த 27ஆவது போட்டியின் இறுதியில் தமிழ்நாடு ஹரியானாவை 2–1 என்று வீழ்த்தி இரண்டாம் முறை வாகை சூடியது. கட்டாக் வெற்றி ஒருநாள் அதிர்ஷ்டமல்ல என்பதை அந்த இரண்டாவது கோப்பை உறுதிசெய்தது.