திருமுக்கூடல் மண்டபமும் நம் சமூக மன்றமும்

மன்றத்தின் வளர்ச்சியை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தார்கள். மன்றத்தின் தலைவர்களையும் நன்கொடையாளர்களையும் வாசகர் நன்கறிவர். ஊர்ப் பொதுவிடம் நம்மவர்க்கு எத்துணைப் பழைய செல்வம் என்பதைச் சொல்வதே எனக்குக் கைவந்த வேலை.

பட்டினப்பாலை ஒரு பொதியிலை, அதாவது ஊர்ப் பொதுமன்றத்தைக் காட்டுகிறது. சிறைப்பட்டு வந்த மகளிர் நீராடி அங்கே அந்தி விளக்கேற்றுகிறார்கள், பலரும் தொழுகிறார்கள், வெளியூரார் தங்குகிறார்கள். ஒரே கூரையின்கீழ் வழிபாடும் விடுதியும்!

என் உள்ளம் கவர்ந்த சான்று திருமுக்கூடல் கல்வெட்டுதான். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் கோயில்கொண்ட வேங்கடேசப் பெருமாளின் ஆலயச் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்தது. வேதப் பள்ளி, மாணவர் விடுதி, மருத்துவமனை மூன்றுக்கும் கோயிலே இடமளித்தது. மருத்துவமனையில் 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர். மூலிகையும் விறகும் கொணரவும் ஆள் உண்டு. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மாணவர்க்குப் படுக்கப் பாய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய்! வேதம் படிக்க யாருக்கு இடமிருந்தது என்பது வேறு விவாதம். ஆயினும் கோபுரத்தின் உயரம் பேசுவோர் இந்தச் சுவரையும் ஒருமுறை படிக்கவேண்டும். பெருமாளுக்கு உகந்த தொண்டு எதுவென்று அது தெளிவாகவே சொல்கிறது.

நம் சிங்கப்பூரில் சமூக நிலையங்களை நடத்த 1960 ஜூலை 1 அன்று மக்கள் கழகம் தோன்றியது. கம்பத்து வீடுகளில் தொலைக்காட்சி அரிதாயிருந்த 1963இல் அதைப் பார்க்கச் சமூக நிலையத்தில்தான் கூட்டம் கூடியது. கம்பம் போய் வீவக அடுக்குமாடிகள் வந்தன. வீட்டுக்கு வீடு பெட்டி வந்தபின் அந்தக் கூட்டத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. பிறகு தையலும் சமையலும் நடனமும் மக்களை அழைத்து வந்தன. 1990களில் நிலையங்கள் பல சமூக மன்றங்களாயின. 2017இல் திறந்த நம் தெம்பனிஸ் நடுவத்தில் நூலகம், உணவங்காடி, காற்பந்துத் திடல் எல்லாம் ஒருங்கே உள்ளன. திருமுக்கூடலார் கண்டால் வியப்படையமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் இந்திய நற்பணிச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். தீபாவளிக் கலைநிகழ்ச்சி குறைவின்றி நடக்கட்டும். அதோடு, புளோக்குகளில் தனித்து வாழும் நம் மூத்தோருக்கு வாரம் ஒரு மாலை அறையொன்றைத் திறந்து வையுங்கள். மருத்துவமனைக் கடிதத்தைத் தமிழில் விளக்கவும், கைப்பேசியில் சிங்பாஸ் பழக்கவும் நம் இளையர் இருவர் போதும். தேநீர்ச் செலவை அடியேன் ஏற்கிறேன்.