கையில் கொடி, கழுத்தில் தகரம்



போன கிழமை வகுப்புக்கு ஒரு மாணவி பிரேஸ்லட் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டாரில் இருக்கும் மாமா அனுப்பியதாம். சங்கிலி முழுக்கக் குட்டித் தொங்கட்டான்கள். ஒன்றில் நமது சிங்கக் கொடி, இன்னொன்றில் இலங்கைப் படம். "பாடசாலைக்கு நகை எதற்கு?" என்று கேட்க வாயெடுத்தோம். அதற்குள் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை, "எங்க ஊருக்கும் கொடி இருக்கா சேர்?" என்று கேட்டுவிட்டாள். பிறகு ஏசத் தோன்றவில்லை.

இந்த வகை நகையை விக்டோரியா மகாராணி விரும்பி அணிந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பெரிதாகப் பரவியது. அங்கே 50 மாநிலங்களுக்கும் தனித்தனிக் கொடி. பிறந்த மாநிலத்தின் கொடியைச் சின்னதாகச் செய்து கையில் போட்டுக்கொள்வார்கள்.

நமக்கும் கொடி இருக்கிறது. 1886இல் பிரிக்கப்பட்ட ஊவா மாகாணத்தின் கொடியில் நடுவே ஓர் அன்னம். பதுளைக் கச்சேரிப் பக்கம் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் தெரியும். பார்ப்பவர்கள்தான் குறைவு.

ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது மாகாணத்தை அல்ல, அவளுடைய தோட்டத்தை. அவளுடைய மூதாதையரும் ஊரைக் குறிக்கும் ஒரு பொருளை உடம்பில் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் ஆள் சேர்க்கப் போன கங்காணிகளின் கையில் தோட்டங்கள் தகர டிக்கட்டுகளைக் கொடுத்தனுப்பின. சின்னத் தகரத் தட்டு. அதில் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்திருக்கும். அதைக் கட்டியிருந்தவரை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, வழிச்செலவை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதை இலக்கமே சொல்லிவிடும். (கடன் கணக்கெழுதிய "துண்டு" வேறு. அது 1921இல் ஒழிக்கப்பட்டது.)

தென் தமிழகத்துப் பெண்கள் காதில் தண்டட்டியும் பாம்படமும் தொங்க வந்தார்கள். அவை அவர்கள் விட்டுவந்த ஊரின் நகைகள். கழுத்துத் தகரம் இன்னும் கண்ணால் காணாத ஊரின் இலக்கம். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான்; அதற்கு முன் வந்தவர்கள் கடைசி மலைகளையும் நடந்தே ஏறியிருப்பார்கள்.

இனி அந்தப் பிரேஸ்லட்டில் இருந்த சிங்கக் கொடிக்கு வருவோம். கண்டி அரசனின் சிங்கக் கொடியே தேசியக் கொடியாக வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு எம்.பி. முதலியார் ஏ. சின்னலெப்பை, ஒரு முஸ்லிம். எங்கள் ஆட்களிலேயே பலருக்கு இது தெரியாது. பின்னர் பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் டி. பி. ஜாயா இருந்தார், ஜீ. ஜீ. பொன்னம்பலமும் எஸ். நடேசனும் இருந்தார்கள். மலையகத்தவர் ஒருவரும் இல்லை. 1951இல் முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழர்களுக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு பட்டைகள் சேர்ந்தன. நடேசன் அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

1947 தேர்தலில் பதுளைத் தொகுதியில் வென்றவர் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா. அந்தக் கட்சிக்கு மொத்தம் 7 ஆசனங்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பின்னாலேயே வாக்கும் போனது. 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அதாவது கொடியில் தமிழர் பட்டை ஏறியபோது, இந்த மலைகளில் கொழுந்து பறித்த தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்நாட்டுப் பிரஜைகளே அல்ல. பச்சைப் பட்டைக்குரிய நாங்கள் அதே பஸாரில் அவர்களுக்கு அரிசியும் சீத்தையும் விற்றுக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் பெரியவர்கள் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கான சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடிக்க மணியும் அடித்தது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை அட்டையில் வட்டமாக வெட்டி, நமுனுகுல மலையை வரைந்து, கீழே தோட்டத்தின் பெயரை எழுதி, நூலில் கோத்துக் கையில் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றும் நகைச் சட்டம் பேசவில்லை.

பசறை, லுணுகலை, தெமோதரை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கம் யார் வீட்டுப் பெட்டியிலாவது அந்தத் தகர டிக்கட் கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.