ஏணைக் கயிறும் உழைப்பும்: கிண்ணியாத் தாலாட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

நாட்டார் பாடல்களை வகைப்படுத்துவோர் அம்பாப் பாடலைத் தொழிற்பாடல் என்றும், தாலாட்டைக் குடும்பப் பாடல் என்றும் பிரிப்பது மரபாகிவிட்டது. கரைவலை இழுப்போர் ஒருசேரக் கயிற்றை இழுப்பதற்கு அம்பா துணைபுரிகின்றது. ஆகவே அது உழைப்பு. ஏணைக் கயிற்றை இழுப்பவள் பாடுவதோ வெறும் அன்பு! இப்பாகுபாடு எத்துணை பொருந்தும் என்பதைக் கொட்டியாரக் குடாவை அண்டிய கிண்ணியாவை மனங்கொண்டு நோக்கலாம்.

உழைப்பின் சந்தத்திலிருந்து பாடல் பிறந்தது என்னும் கருத்தை 1896 இல் கார்ல் பூச்சர் முன்வைத்தார். அதனை மார்க்சிய அடிப்படையில் விரித்தவர் ஜோர்ஜ் தொம்சன். அவரிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்த க. கைலாசபதி வழியாக அச்சிந்தனை நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. ஆயினும் அதனைத் தாலாட்டின்மீது நாம் போதியளவு பிரயோகிக்கவில்லை என்றே கூறவேண்டும். ஆய்வாளர் பெரும்பாலும் ஆடவராயிருந்தமை இதற்கொரு காரணமாகலாம்.

கடலும் வயலும் சோறளிக்கும் ஊர் கிண்ணியா. அங்கு சமையலும் நீர் அள்ளலும் நெல் காயவைத்தலும் பெண்ணின் பொறுப்பாயிருந்தன. அந்தியில், பகலெல்லாம் ஆடிக் களைத்த குழந்தை, தூக்கம் மிகுந்தும் தூங்க முடியாது வீறிட்டழும். வேலையோ முடிந்தபாடில்லை. வளையில் பழஞ்சேலையைக் கட்டி ஏணையாக்கி, அதனை ஒரு கையால் ஆட்டியவாறு பாடுவதே அவளுக்கிருந்த வழி. பாட்டு அழுகையின் வேகத்தோடு தொடங்கி, மெல்ல மெல்லத் தளர்ந்து, சொல் உதிர்ந்து, வெறும் நாவசைவாக முடியும். ‘தால்’ என்பது நாவைக் குறிக்கும் என்பது ஈண்டு நினையத்தக்கது. முஸ்லிம் தாய் கலிமாவை இம்மெட்டில் இசைப்பாள். அயலூர்ச் சைவத் தாய் முருகனை அழைப்பாள். நம்பிக்கை வேறு, கயிறும் ஆட்டமும் ஒன்றே.

ஜப்பானிய ஆய்வாளர் குமி குரோடாவும் குழுவினரும் 2022 இல் வெளியிட்ட ஆய்வு, அழும் சிசுவை 5 நிமிடம் தூக்கி நடந்து, உறங்கிய பின் மேலும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்துவது பயன்தரும் என்கின்றது. நம் பாட்டிமார் அறிந்த விடயந்தான். ஆனால் இதனைப் பொருளியலாகவும் வாசிக்கலாம். பத்து முதல் பதின்மூன்று நிமிடம், வேறு வேலைக்கு உதவாத இரு கைகள். இது உழைப்பு நேரமன்றி வேறென்ன?

ஏட்டிலக்கியம் இவ்வுழைப்பைத் திட்டமிட்டே மறைத்தது எனலாம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் மூன்றாவது. அங்கு தாலாட்டு அரசனின் புகழாகிவிடுகின்றது. ஆட்டிய கை மறைந்துவிடுகின்றது.

1977 இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதன் பின்னர், கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பெண்கள் பணிப்பெண்களாக வளைகுடா நாடுகளுக்குச் செல்லலாயினர், கிண்ணியாவும் விதிவிலக்கன்று. தன் வீட்டில் ‘அன்பு’ எனப்பட்ட அதே செயல், பிறர் குழந்தையை அமர்த்தும்போது கூலி பெற்றது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கிலும் ஏறிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப்பணிக்காக வெளிநாடு செல்வதை 2013 இல் அரசு கட்டுப்படுத்தியது. 2022 இல், நெருக்கடி முற்றிய வேளையில், அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் விரைந்து வளரத் தொடங்கியமையால் அன்று, டொலர் வற்றியமையால். தாய் சென்ற வீடுகளில் குழந்தையை அமர்த்தும் பொறுப்பு உம்மம்மாவின் கைக்கு மாறியது. அதற்கு இன்னும் கூலியில்லை.