புது வீட்டில் விரிசல், ஒழுகல்: கட்டிக் கொடுத்தவர் கண்டுகொள்ளாவிட்டால் என்ன செய்யலாம்? கே.ஜி.எஃப் வீட்டுக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

கிரகப்பிரவேசம் முடிந்து முதல் மழைக்காலம் வருகிறது. படுக்கையறை மேல்தளத்தில் ஈரம் படர்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக இறங்குகிறது. பாத்ரூம் தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் கதவுப் பக்கம் தேங்குகிறது. கட்டிக் கொடுத்தவருக்கு போன் போட்டால், "புது வீடுன்னா அப்படித்தான் சார், செட் ஆயிடும். அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்" என்கிறார்.

அந்த அடுத்த வாரம் பல மாதங்கள் ஆகியும் வருவதில்லை. வீட்டுக்காரரும் தெரிந்தவர், ஊர்க்காரர் என்று பொறுத்துப் போகிறார். இதற்கிடையே புகார் கொடுப்பதற்கான கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

சட்டம் வீட்டுக்காரர் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சட்டம், எவ்வளவு கெடு என்பது, வீடு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. பில்டரிடம் விலைக்கு வாங்கிய வீடு என்றால் ஒரு கணக்கு. சொந்த சைட்டில் காண்ட்ராக்டர் கட்டிக் கொடுத்த வீடு என்றால் வேறு கணக்கு.

கே.ஜி.எஃப்-இல் இது ஏன் முக்கியம்?

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலம் தொட்டு, தொழிலாளி குடும்பம் இருந்தது கம்பெனி லைன் வீட்டில். வீடும் கம்பெனியுடையது, பழுதும் கம்பெனி பொறுப்பு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்த்து வந்த சம்பளத்தில், பேங்க் லோனில், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை பக்கம் சொந்தமாக சைட் வாங்கி வீடு கட்டிய குடும்பங்கள் பல. அவர்களுக்கு அது குடும்பத்தின் முதல் சொந்த வீடு. ஒப்பந்தம் போட்டு வீடு கட்டியதும் முதல் முறை.

இந்த மாதிரி ஊர்களில் அதிகம் பார்ப்பது 30-க்கு 40 சைட்டில் மேஸ்திரியோ சிறு காண்ட்ராக்டரோ கட்டும் தனி வீடு. ஆனால் 'பில்டர் மேல் கேஸ்' என்றதும் எல்லோரும் சொல்வது ரெரா சட்டத்தை. அந்தச் சட்டம் இந்த வீடுகளுக்குப் பொருந்தாது.

ரெரா யாருக்கு உதவும்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016. இது வீட்டையோ மனையையோ கட்டி, பிரித்து மற்றவர்களுக்கு விற்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம். ஃபிளாட், வில்லா, லேஅவுட் எல்லாம் இதில் வரும். வீட்டுக்காரருக்கு முக்கியமானது பிரிவு 14(3). சாவி கையில் கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை, வேலைத்தரக் குறை, தரமில்லாத பொருள் என எதைச் சுட்டிக்காட்டினாலும், பில்டர் 30 நாளில் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் வீட்டுக்காரர் இழப்பீடு கேட்கலாம்.

அதாவது பூச்சு உதிர்வதும் டைல்ஸ் மேலெழும்புவதும்கூட இதில் அடங்கும். பில்லரும் பீமும் விரிசல் விட்டால்தான் கேட்க முடியும் என்று இல்லை.

கர்நாடகத்தில் இதற்கான ஆணையம் பெங்களூருவில் இருக்கிறது. புகாரை ஆன்லைனில் பதிவு செய்யலாம். இழப்பீட்டைத் தீர்மானிக்க தீர்ப்பு அலுவலர் தனியாக உண்டு. உத்தரவிட்ட தொகையை பில்டர் கட்டாவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்க சட்டத்தின் 40-வது பிரிவு வழி செய்கிறது.

ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது 8 வீடுகளைத் தாண்டாத திட்டங்களை ரெராவில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி. ஒரு 30-க்கு 40 சைட் 1,200 சதுர அடி. பக்கத்துப் பக்கத்தில் நான்கு சைட் வாங்கி நான்கு வீடு கட்டி விற்றாலும் மொத்தம் 4,800 சதுர அடிதான். அந்த பில்டர் ரெரா பதிவு எண் இல்லாமலே விற்க முடியும். வாங்கும் முன் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

சொந்த சைட்டில் கட்டியவர்கள் எங்கே போவது?

நுகர்வோர் ஆணையத்துக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'சேவை' என்ற வரையறைக்குள் வீடு கட்டித் தருவதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வீடு கட்டிக் கொடுப்பவர் சேவை வழங்குபவர். வேலை மோசமாக இருந்தால் அது சேவைக் குறைபாடு.

கெடு 2 ஆண்டுகள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து கணக்கு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆனால் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. "வர்றேன்னு சொல்லிட்டே இருந்தாரு, அதான் காத்திருந்தோம்" என்பது போதுமான காரணமாகும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். கே.ஜி.எஃப் வீட்டுக்காரர் கோலாரில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். காண்ட்ராக்டர் பெங்களூருக்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் அனுமதிக்கிறது.

கட்டணம் பயப்படும் அளவுக்கு இல்லை. 5 லட்சம் வரை எதுவும் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில்டரிடம் வீடு வாங்கியவர்களுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ரெரா வந்ததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடவில்லை என்று இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரசு வாரியம் கட்டிய வீடு என்றால்?

அரசு அமைப்பும் பதில் சொல்ல வேண்டும். லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே.குப்தா வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வீடு கட்டித் தருவது சேவை, அதை அரசு அமைப்பு செய்தாலும் சட்டம் பொருந்தும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பு பலருக்கு நினைவிருக்கும். தொட்டாலே சுவர்ப் பூச்சு உதிரும் வீடியோக்கள் 2021 ஆகஸ்டில் பரவின. ஐஐடி மெட்ராஸ் குழு ஆய்வு செய்தது, பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். குடியிருப்பவர்கள் கையால் தேய்த்துக் காட்டிய பிறகுதான் இதெல்லாம் நடந்தது.

லேபர் காண்ட்ராக்டா, மெட்டீரியலோடா?

கோர்ட்டிலும் ஆணையத்திலும் எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும் இடம் இது. சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் காண்ட்ராக்டரே வாங்கிப் போட்டிருந்தால் பொருளுக்கும் வேலைக்கும் அவரே பொறுப்பு. நீங்கள் பொருள் வாங்கிக் கொடுத்து, மேஸ்திரி கூலிக்கு மட்டும் வேலை பார்த்திருந்தால், "நீங்க வாங்கின மணல் சரியில்லைங்க" என்பார். அப்போது குறை பொருளிலா வேலையிலா என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. சிமெண்ட், கம்பி வாங்கிய பில்களை அதற்காகவே பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எல்லா விரிசலும் ஒன்றா?

இல்லை. பூச்சில் மட்டும் முடி போல ஓடும் மெல்லிய விரிசல், பூச்சு காயும்போது சுருங்குவதால் வருவது. சரியாகத் தண்ணீர் விட்டு ஆற்றாதபோது அதிகமாகும். கான்கிரீட்டுக்கு சாதாரண சிமெண்டில் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி வகை சிமெண்டில் 10 நாள் நீராற்ற வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை. வெயில் காலத்தில் எந்த சிமெண்டானாலும் 10 நாள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல். சுவரின் இரு பக்கமும் தெரியும் விரிசல். படிக்கட்டு போல செங்கல் இணைப்பு வழியே இறங்கும் விரிசல். கம்பி ஓடும் திசையில் துருக்கறையோடு வரும் விரிசல். இவற்றை உடனே என்ஜினியரிடம் காட்ட வேண்டும்.

கே.ஜி.எஃப்-இல் இன்னொரு சிக்கல் உண்டு. பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தோண்டிய ஊர் இது. பாறை வெடிப்பின் அதிர்வு மேலே இருக்கும் கட்டடங்களையும் ஆட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் "மண்ணு ஆடுதுங்க, என் வேலை என்ன பண்ணும்?" என்று சொல்வது இங்கே எளிது. என்ஜினியர் அறிக்கை வாங்கும்போது, குறை நிலத்தால் வந்ததா, வேலையால் வந்ததா என்ற கேள்விக்கு நேரடியாக எழுத்தில் பதில் கேளுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் அதே மாதிரி விரிசல் இல்லை என்றால் அதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

அலட்சியம் எவ்வளவு தூரம் போகும்?

2022 பிப்ரவரி 10. ஹரியானா மாநிலம் குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடியில் 6-வது மாடி வீட்டின் தரை இடிந்து, கீழ் மாடிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். கான்கிரீட்டில் குளோரைடு உப்பு அதிகமாக இருந்ததால் கம்பிகள் வேகமாகத் துருப்பிடித்தன, பழுதுபார்த்துக் காப்பாற்ற முடியாத நிலை என்று ஐஐடி டெல்லி ஆய்வு சொன்னது.

சின்ன வீட்டுக்கும் இந்தப் பாடம் உண்டு. கோலார் மாவட்டம் போர்வெல்லை நம்பி வாழும் மாவட்டம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஎஸ் 456. வேலை தொடங்கும் முன் போர் தண்ணீரை ஒரு லேபில் கொடுத்துப் பார்ப்பது, பின்னால் மோல்டை உடைத்துப் போடுவதைவிட மலிவு.

புகாருக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, குறையைப் பதிவு செய்யுங்கள். விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதி தெரியப் படம் எடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுங்கள். விரிசல் வளர்கிறதா என்பது அதில் தெரியும்.

இரண்டு, பேச்சை எழுத்துக்கு மாற்றுங்கள். போனில் சொன்னதை வாட்ஸ்ஆப்பிலும் அனுப்புங்கள். பிறகு குறைகளை வரிசையாக எழுதி, 30 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

மூன்று, பணம் கொடுத்ததற்கு ஆதாரம் சேருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கையெழுத்து வாங்கிய நோட்டு, யுபிஐ பதிவு, செக் விவரம் எல்லாம் வேண்டும். லோன் எடுத்திருந்தால் பேங்க் கட்டம் கட்டமாகப் பணம் விட்ட விவரமும் உதவும்.

நான்கு, காண்ட்ராக்டரோடு தொடர்பில்லாத சிவில் என்ஜினியரிடம் அறிக்கை வாங்குங்கள். என்ன குறை, என்ன காரணம், சரிசெய்ய எவ்வளவு செலவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கான்கிரீட் தரத்தில் சந்தேகம் இருந்தால் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக், கோர் டெஸ்ட் போன்ற சோதனைகள் இருக்கின்றன.

ஐந்து, அவசரப்பட்டு வேறு ஆளை வைத்துப் பூசி மறைத்துவிடாதீர்கள். ஆதாரமும் அதோடு போய்விடும். மேலே விழும் ஆபத்து இருந்தால் மட்டும், படமும் அறிக்கையும் எடுத்துவிட்டு உடனே சரிசெய்யுங்கள். அந்தச் செலவையும் புகாரில் கேட்கலாம்.

ஜெயித்தால் பணம் வருமா?

நுகர்வோர் ஆணைய உத்தரவை சிவில் கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்ற முடியும். மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும், சோதனை தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

இன்னும் கட்டத் தொடங்காதவர்கள் செய்ய வேண்டியது என்ன?

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடுங்கள். அது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தெரிந்தவரை வைத்துப் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்து. சிமெண்ட், கம்பி பிராண்ட், கான்கிரீட் கிரேடு, முடிக்கும் தேதி எல்லாம் அதில் வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்20-க்குக் குறையக்கூடாது. ஒரு மழைக்காலம் முடியும் வரை கடைசித் தவணையில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கலாம் என்றும், இத்தனை ஆண்டுக்குள் குறை வந்தால் இலவசமாகச் சரிசெய்வேன் என்றும் எழுதி வாங்குங்கள். சொந்த சைட்டில் கட்டுபவருக்கு ரெராவின் 5 ஆண்டுப் பாதுகாப்பு கிடையாது. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் இன்றைக்கே பார்க்க வேண்டியது இரண்டு தேதிகள். சாவி வாங்கிய தேதி ஒன்று, குறையை முதலில் பார்த்த தேதி இன்னொன்று. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு அவருக்கு போன் போடுங்கள்.