பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்தவர்கள்

சிங்கப்பூர்க்காரர்கள் ஏன் தங்கள் காரைத் தாங்களே பழுது பார்ப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். நேரம் இல்லை என்பார்கள். இப்போது காரெல்லாம் கம்ப்யூட்டர் என்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக கார் பார்க்கில் ஜாக்கி போட்டு வேலை செய்ய விடமாட்டார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வேலைக்காலம் முழுக்கப் பட்டறையில் கை கறுத்தவனுக்கு வேறொரு காரணம் தெரிகிறது. இந்த ஊரில் காரைப் பழசாக விடுவதில்லை. கெட்டுப்போகும் வயசு வருவதற்குள் அதைக் கப்பலேற்றிவிடுகிறார்கள், இல்லையென்றால் நொறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஸ்பேனருக்கு என்ன வேலை?

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1896இல் காட்ஸ் பிரதர்ஸ் கம்பெனி சார்ல்ஸ் பக்லி என்ற வெள்ளைக்காரருக்காக ஒரு பென்ஸ் வண்டியை இறக்கியது. இந்தத் தீவின் முதல் கார் அதுதான். முப்பது வருடத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டின் தொடக்கத்தில் கார் கம்பெனிகள் கண்ணாடி வைத்த ஷோரூம்களைத் திறந்துவிட்டன. மலாயன் மோட்டார்ஸ் 1927இல் அங்கே கட்டிய கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கே கார் வாங்கியவர்கள் துரைமார்களும் பெரிய சீன வியாபாரிகளும். அந்தக் கார்கள் இரண்டு மூன்று கை மாறிய பிறகு போய்ச் சேர்ந்த இடம் ரோச்சோர் கால்வாய்ப் பக்கம். ஆர்ச்சர்ட் ரோடு காரை விற்றது; சுங்கை ரோடும் ஜாலான் புசாரும் அதை ஓடவைத்தன.

ரோச்சோர் பக்கத்துக்கு உதிரிபாகக் கடைகள் வந்த கதை தனிக் கதை. ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்த ஹெங்ஹுவாக்களும் ஹோக்சியாக்களும் சீனர்களிலேயே பிந்தி வந்தவர்கள். நல்ல வியாபாரங்களையெல்லாம் ஹொக்கியன்களும் தியோச்சூக்களும் முன்பே பிடித்துவிட்டார்கள். மிஞ்சியது ரிக்‌ஷா இழுப்பு. ரிக்‌ஷா இழுத்தவர்கள் அதைச் சரிபார்க்கக் கற்றார்கள். அதிலிருந்து சைக்கிள் வாடகை, சைக்கிள் ரிப்பேர், பிறகு டயர், பிறகு மோட்டார் சாமான். 1947இல் ரிக்‌ஷா ஒழிந்தபோது அவர்களில் பலர் கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே 1930களில் முளைத்த சுங்கை ரோடு திருட்டுச் சந்தை. காலையில் காணாமல் போன வீல் கப் மத்தியானம் அங்கே கிடைக்கும் என்று ஊரே சொல்லும்.

தமிழர்கள் இந்தத் தொழிலுக்கு வந்தது கடை வழியாக அல்ல, பட்டறை வழியாக. சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி 1926இல் டிராலி பஸ் ஓட்டத் தொடங்கியது. அதன் டிப்போ தேக்காவுக்குப் பக்கத்தில் மெக்கன்சி ரோட்டில். செம்பவாங் கடற்படைத் தளம், நகராட்சி லாரிகள் என்று மற்ற இடங்களிலும் நம் ஆட்கள் ஃபிட்டராகவும் டிரைவராகவும் இருந்தார்கள். என் அப்பா மெக்கன்சி ரோட்டில் ஃபிட்டர். 1962இல் கடைசி டிராலி பஸ் நின்றபோது டீசல் இன்ஜினுக்கு மாறினார். 1971 இறுதியில் கம்பெனியே மூடப்பட்டபோது வேறு பட்டறைக்கு மாறினார். நாரிஸ் ரோடு வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் டீசல் வாடை போகாது. அம்மா அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார்.

அறுபதுகளின் கடைசியில் அப்பா ஒரு பழைய மோரிஸ் மைனர் வாங்கினார். பிரிட்டிஷ் படைகள் கிளம்பப் போகின்றன என்று 1968இல் அறிவிப்பு வந்திருந்தது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் கட்டில், ஃபிரிட்ஜ், கார் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கொண்டிருந்த காலம். ஒரு ஃபிட்டர் சம்பளக்காரர் குடும்பக் கார் வாங்க முடிந்தது அப்படித்தான். வாங்கியது பாதி, மீதி அவர் கையால் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு அப்பா பானெட்டைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பையன்களும் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் செய்வது டிஸ்ட்ரிபியூட்டர் வேலை. இரண்டு கிளிப்பைத் தட்டினால் மூடி கழன்று வரும். ரோட்டரை உருவி எடுப்பார். என்னை முன்னால் நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்வார். "மெதுவா, தம்பி... நில்லு!" உள்ளே இருக்கும் கேம் சுற்றிவந்து பாயிண்ட் என்ற தொடுமுனை இரண்டையும் முழுசாகப் பிரிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தீய்ந்து குழிவிழுந்த பாயிண்டைச் சின்ன அரத்தால் தேய்ப்பார். பிறகு ஃபீலர் கேஜில் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு கனமுள்ள தகட்டை எடுத்து இடையில் விடுவார். தகடு வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, சிக்கவும் கூடாது; இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி கைக்குத் தெரிந்துவிட்டால் பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து வைத்து அளந்ததையும் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடியது.

சாமான் மாற்ற வேண்டியிருந்தால் பழையதைக் கழற்றி நாளிதழில் சுற்றிக்கொண்டு ஜாலான் புசாருக்கு நடப்பார். பார்ட் நம்பர் யாருக்கும் தெரியாது. சாமானைக் கவுண்டரில் வைத்தால் போதும். கடை முதலாளியான தவுக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாரு கா, லாமா கா?" என்று மலாயில் கேட்பார், புதுசு வேண்டுமா பழசு வேண்டுமா என்று. அப்பா எப்போதும் முதலில் பழசுக்குத்தான் விலை கேட்பார். கூரையில் தொங்கும் ஃபேன் பெல்ட்டுகளுக்கு நடுவே கொக்கியை விட்டுச் சரியான ஒன்றை இழுத்து எடுப்பார் தவுக்கே. தமிழருக்கும் சீனருக்கும் நடுவே மலாய் மொழியில் நடந்த அந்த வியாபாரத்துக்கு ரசீது கிடையாது. சாமான் பொருந்தவில்லை என்றால் மறுநாள் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கார் அன்றைக்குப் பிழைப்பும் கொடுத்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆள் ஏற்றிய பைரேட் டாக்சிகள் பல இப்படிப் பல கை மாறிய வண்டிகள்தான். 1970இல் அரசாங்கம் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பியது; தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசி கம்ஃபர்ட் டாக்சிக் கூட்டுறவை அமைத்தது. பைரேட் டாக்சிகள் ஒழிந்தன. பழைய காருக்கு விழுந்த முதல் அடி அது.

பெரிய அடி 1975இல். அந்த ஜூன் மாதம் காலை நேரத்தில் நகர மையத்துக்குள் காரோடு நுழைய நாளுக்கு 3 வெள்ளி கட்ட வேண்டும் என்றார்கள். அதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அதே ஆண்டுக் கடைசியில் வந்த மற்றொன்றுதான் பெரிது. புதுக் காரின் இறக்குமதி மதிப்புக்குச் சமமான தொகையைக் கூடுதல் பதிவுக் கட்டணமாகக் கட்ட வேண்டும். ஆனால் உங்கள் பழைய காரைப் பத்து வயதாவதற்குள் ஒழித்துவிட்டுப் புதுசு வாங்கினால் கட்டணம் குறையும். பழைய கார் புகை விடும், நடுரோட்டில் நிற்கும் என்பது அரசாங்கத்தின் நியாயம். அந்த நியாயத்தில் தப்பில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து நன்றாக ஓடும் பதினோரு வயதுக் கார் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அப்பாவின் கையால் அதற்கு என்ன செய்ய முடியும்?

1980இல் புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலை மூடப்பட்டது. 1942இல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்த அதே கட்டடம். ஹில்வியூவில் மெர்சிடிஸ் பூட்டிய தொழிற்சாலையும் அதே ஆண்டில் நின்றது. இன்ஜினைத் தொட்டுப் பழகிய ஆட்களை உருவாக்கிய இடங்கள் அவை. 1981இல் விக்காம் என்ற சோதனை நிறுவனம் வந்து வாகனச் சோதனையை முறைப்படுத்தியது. கடைத்தெரு ஓரத்தில் மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து வேலை செய்த மெக்கானிக்குகளைச் சின் மிங், ஊபி, காக்கி புக்கிட், புக்கிட் மேரா என்று அடுக்குமாடித் தொழிற்கூடங்களுக்கு அனுப்பினார்கள். தெரு சுத்தமானது, சாக்கடையில் ஆயில் ஓடுவது நின்றது. கூடவே, ஸ்கூல் விட்டு வரும் பையன் நின்று வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்வதும் நின்றது.

1990 மே மாதம் சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது. பத்து வருடம் காரை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளி. நடுவில் 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளரவே கூடாது என்றும் முடிவாகிவிட்டது.

சிஓஇ வந்ததிலிருந்து பழைய கார் வாங்குவது முழுக்க வேறு தொழில். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல முதலில் சிஓஇ முடியும் தேதியைப் பார்க்கிறார்கள். பிறகு 'டெப்ரி' என்ற வருடத் தேய்மானக் கணக்கு. உதாரணமாக, மூன்று வருடம் மிச்சமுள்ள கார் 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பதிவை ரத்து செய்யும்போது அரசாங்கத்திடமிருந்து 15,000 திரும்பி வரும் என்றால், மூன்று வருடத்துக்குச் செலவு 45,000, வருடத்துக்கு 15,000. இதே கணக்கைப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கும் போட்டு, எது குறைவோ அதை எடுக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதில் பிஸ்டன் எங்கே இருக்கிறது, கியர்பாக்ஸ் எங்கே இருக்கிறது? குதிரைப் பந்தயத் திடல் கிராஞ்சிக்குப் போன பிறகு பழைய கார் வியாபாரிகள் வரிசையாகக் கடை போட்டிருந்த டர்ஃப் சிட்டியில் வாங்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் கால்குலேட்டர் இருக்கும். பானெட்டைத் திறக்கச் சொன்னவர்கள் குறைவு. அந்த இடமும் 2023 கடைசியில் காலியானது.

ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. புதுசோ பழசோ, நம் ஆட்கள் வாங்கிய காரை நேரே கோயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் ஐயர் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டியை மெல்ல நகர்த்தி நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு வருடமே ஆயுள் மிச்சமுள்ள காருக்கும் இதே பூஜை, இதே எலுமிச்சை. அம்மன் டெப்ரி பார்ப்பதில்லை.

என் மகள் போன வருடம் குடும்பத்துக்கு ஒரு பழைய கார் பார்த்தாள். "அப்பா, பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கறேன், வண்டியை நீங்க பாருங்க" என்றாள். சரியான பங்கீடு. வியாபாரியிடம் முன்கூட்டியே சொன்னேன், நாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. சூடான இன்ஜின் பல குறையை மறைக்கும். குளிர்ந்த இன்ஜின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் வெள்ளைப் பசை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். முன் மட்கார்டை வைத்து முடுக்கிய போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். உடைந்திருந்தால் யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள், எதற்காக என்று கேட்க வேண்டும். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணில் முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். அதிகம் ஓடாத வண்டி என்று சொல்லி விற்கும் வண்டியின் டயர் பலமுறை மாறியிருக்காது. இதெல்லாம் பார்க்கக் கருவி வேண்டாம், கண் போதும். 2012 செப்டம்பரிலிருந்து வியாபாரியிடம் வாங்கிய பழைய காருக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வியாபாரி வேறுவிதமாக நிரூபிக்காவிட்டால், விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இருந்தாலும் வழக்குக்கு அலைவதைவிடக் குனிந்து பார்ப்பது சுலபம்.

இப்போது காற்று கொஞ்சம் திசை மாறுகிறது. சிஓஇ விலை ஏறியதால் பத்து வயதான காரை ஒழிக்க மனமில்லாமல் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கடந்த மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டினால் பத்து வருடம். பாதியைக் கட்டினால் ஐந்து வருடம், ஆனால் ஐந்துக்குப் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது. ஒழித்தால் வரவேண்டிய பதிவுக் கட்டணத் தள்ளுபடி போய்விடும். சாலை வரியும் வருடத்துக்கு 10 விழுக்காடு கூடி 50 விழுக்காடு வரை போகும். சோதனையும் வருடந்தோறும். இவ்வளவையும் கட்டத் துணிந்தவருக்குத்தான் இன்ஜின் மவுன்ட் நொந்திருப்பதும், சஸ்பென்ஷன் புஷ் வெடித்திருப்பதும், ரேடியேட்டர் ஹோஸ் உப்பியிருப்பதும் திடீரென்று முக்கியமாகின்றன.

காக்கி புக்கிட்டில் நண்பர் பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது இவர்களைப் பார்க்கிறேன். முப்பது நாற்பது வயதுக்காரர்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் கீழே வந்து நின்று, இது என்ன, அது ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். கழற்றிய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். சிலர் ஏர் ஃபில்டரையும் பேட்டரியையும் தாங்களே மாற்றப் பழகிவிட்டார்கள். கார் ஓடும் நாளுக்கு விலை ஏறியதில் இரும்புக்கும் மறுபடி மரியாதை வந்திருக்கிறது. புதுப்பிக்க நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பணம் கட்டுவதற்கு முந்தின வாரம் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள், கட்டிய பிறகு அல்ல.